வெளிறு

பட்டறை மேசையில் அண்ணன் மூன்று மரத்துண்டுகளை வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரு சாண் நீளம். மூன்றுமே வெளுத்த நிறம்.

"எது எதுன்னு சொல்லு பாப்பா. வீட்டுல நீதான் படிச்சவ."

எடுத்துப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். தெரிந்தவள் மாதிரி மோந்தும் பார்த்தேன். மூன்றும் எனக்குப் பலகைதான்.

அன்றைக்கு நான் மரம் பார்க்கப் போகவில்லை. சண்டை போடப் போயிருந்தேன். அண்ணன் மகனுக்கு 15 வயது. மூன்றாம் படிவம் முடிக்கிறான். நான்காம் படிவத்துக்குப் பள்ளியிலேயே தொடர்வதா, தொழிற்கல்லூரிக்கு மனுப் போடுவதா என்று வீட்டில் பேச்சு. அண்ணன் தொழிற்கல்லூரி என்று முடிவு செய்துவிட்டார். "அவனுக்குப் படிப்பு ஏறல, கையில வேல இருக்கட்டும்" என்று போனில் சொன்னார். ஒரு பையனை 15 வயதில் இப்படி முத்திரை குத்தலாமா என்று கேட்க, கிள்ளானிலிருந்து தெலுக் பங்ளிமா காராங் வரை கோபத்தோடு காரோட்டிப் போனேன். கேரி தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் அவருடைய பட்டறை. சரக்குப் பெட்டிகளும் பாலேட்டுகளும் செய்வார்கள். ஆர்டர் இருந்தால் சாமி மேடையும் செய்து தருவார்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல்தான் அந்த மூன்று துண்டுகளை வைத்தார்.

முதல் துண்டு பைன். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் பாலேட்டுகளில் இந்த ஜாதியும் உண்டு என்றார். குறுக்கே அறுத்த முகத்தைக் காட்டினார். அகலமான வெளிர் பட்டை, அதையடுத்து மெல்லிய கருத்த கோடு, மறுபடி வெளிர் பட்டை. குளிர்நாட்டு மரம் வருஷத்துக்கு ஒரு தடவை வேகமாக வளர்ந்து, பிறகு மெதுவாகிறது. அந்தக் கணக்குதான் இந்தக் கோடு. கணுவுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தால் டர்பன்டைன் வாசம். பாலேட்டின் பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரை இருக்கும். அதில் இரண்டு எழுத்து எந்த நாடு என்று சொல்லும். எச்.டி. என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை சூடு ஏறி 30 நிமிடம் நிற்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குக் கப்பலேறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இரண்டாவது ரப்பர் மரம். வைக்கோல் நிறத்தில் லேசான ரோஜாச் சாயல். கையில் கனம் தெரிகிறது. பலகையின் முகத்தில் பென்சிலால் மெல்லக் கீறிவிட்டதுபோலச் சின்னச் சின்னப் பழுப்புக் கோடுகள். அவை மரத்தின் நீர்க்குழாய்கள், நீளவாக்கில் அறுபட்டவை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் இலேசு. "நகத்த வெச்சி அமுக்கு" என்றார். அமுக்கினேன். பிறை மாதிரி தடம் விழுந்தது. "இது பூலாய். நம்ம ஊரு ஆளுங்க ஏழிலைப்பாலைன்னு சொல்றாங்களே, அதோட கூட்டாளி." பால் ஓடிய வழிகள் பலகையில் சின்னக் கீறல்களாகத் தெரியும், அதை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம் என்றார். நடுவில் கருத்த வைரம் கிடையாது. தோலுக்கு அடியிலிருந்து நெஞ்சுவரை ஒரே வெளுப்பு.

"வெளிறு" என்றேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது.

"அப்படின்னா?"

சொல்லத் தயங்கினேன். தயங்கியதற்குக் காரணம் உண்டு.

தமிழில் மரங்களை வகைப்படுத்தும் வழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் 'காழ்' என்ற ஒன்றைக் கொண்டு பிரிக்கிறது. காழ் என்றால் கடினமான பகுதி. தச்சர்கள் வைரம் என்பது அதைத்தான். உள்ளே காழ் உள்ளது மரம். வெளியே காழ் உள்ளது புல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். தாவரவியலும் பனைக் குடும்பத்தைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்கிறது. கேரி தீவில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் செம்பனையெல்லாம், மரபியல் படி பார்த்தால், உயரமாக வளர்ந்த புல்தான். பாட்டி அந்தத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய காலமெல்லாம் புல்வெளியில்தான் குனிந்து நின்றிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும்.

பின்வந்த நிகண்டுகள் இதை இன்னும் நீட்டின. உள்ளே வைரம் உள்ளது ஆண்மரம். வெளியே வைரம் உள்ளது பெண்மரம். இரண்டும் இல்லாதது அலிமரம். சிற்பிகளும் கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரித்தார்கள். கடைசிச் சொல்லை இன்றைக்கு ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் அது வசவு. மரத்துக்குச் சொன்னபோதும் அது வெறும் தகவலாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். 'இல்லாதது' என்ற கணக்கில் வைக்கப்பட்ட எதுவும் பட்டியலின் கடைசியில்தான் நிற்கும்.

வெளிறு என்ற சொல்லும் அப்படித்தான். வெண்மை என்பது ஒரு பொருள். வைரம் ஏறாத மரம் என்பது இன்னொன்று. மூன்றாவது பொருள் அறியாமை. திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில், 503ஆவது குறளில், வள்ளுவர் இந்தச் சொல்லை அறியாமை என்ற பொருளில்தான் வைக்கிறார். வைரம் இல்லாத மரத்துக்கும் அறிவில்லாத ஆளுக்கும் ஒரே சொல். யாரோ ஒருவர் மரத்தைப் பார்த்து மனிதனை நினைத்திருக்கிறார், அல்லது மனிதனைப் பார்த்து மரத்தை. அந்தச் சொல் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்து, என் அண்ணன் எதிரில் என் வாயில் வந்து விழுந்தது.

அண்ணன் ஆரம்பப் பள்ளி முடித்ததும் புகுமுக வகுப்புக்குப் போனவர். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டாம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு நேரே போக முடியாது. ஒரு வருஷம் தனி வகுப்பு. அவர்களுடைய வயதுப் பிள்ளைகள் ஒரு படிவம் முன்னால் போய்விடுவார்கள். அதன்பிறகும் அண்ணனுக்குக் கடைசி வகுப்புதான் கிடைத்தது. ஓர் ஆசிரியர் அவரை மரமண்டை என்று கூப்பிடுவார். அது எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நான் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. நான் முதல் வகுப்புப் பிள்ளை, எனக்கு அந்த உரிமை இருப்பதாக நினைத்தேன்.

ஆக, மகனுக்கு முத்திரை குத்தாதே என்று அண்ணனிடம் சொல்லப்போன ஆள் யார் என்று பாருங்கள்.

வகைப்படுத்துவதே தப்பு என்று சொல்லிவிட்டால் எளிதாகத் தப்பித்துவிடலாம். எல்லா மரமும் சமம், எல்லாப் பிள்ளையும் சமம். முகநூலில் போட்டால் விருப்பக்குறி விழும். ஆனால் பட்டறையில் இது நிற்காது. செங்கால் மரம் காய்ந்த நிலையில் ஒரு கனமீட்டருக்கு 915 முதல் 980 கிலோ எடை. பூலாய் 210 முதல் 500 கிலோ. செங்கால் போட வேண்டிய உத்தரத்தில் பூலாயைப் போட்டால் கூரை ஆள்மேல் விழும். பூலாயை மண்ணில் நட்டால் கறையானும் பூஞ்சையும் தின்றுவிடும். "எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றவன் பட்டறையில ஒரு வாரம் இருக்க மாட்டான். இல்லேன்னா ஒருத்தன கொன்னுட்டுப் போவான்" என்றார் அண்ணன். வேறுபாடு உண்மை. அதைப் பார்க்க மறுப்பது கருணை ஆகாது, சோம்பேறித்தனம்.

அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது?

உலக வழக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். மர வியாபாரத்தில் வன்மரம், மென்மரம் என்று இரண்டு பெட்டி. இந்தப் பெயர்களைக் கேட்டால் கெட்டி மரம், மெத்து மரம் என்று தோன்றும். உண்மையில் அது கெட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. பூத்துக் காய்த்து, கனிக்குள் விதை வைக்கும் மரம் வன்மரம். பைன் மாதிரி கூம்பில் விதையைத் திறந்து வைக்கும் மரம் மென்மரம். அதனால்தான் விளையாட்டு விமானம் செய்யும் பால்சா, நெட்டி மாதிரி இலேசானது, கணக்குப்படி வன்மரம். வில் செய்யப் பேர்போன யூ மரம், நல்ல கெட்டி, கணக்குப்படி மென்மரம். மலேசியாவில் இதற்குமேல் எடையை வைத்துக் கன வன்மரம், நடுத்தர வன்மரம், இலேசு வன்மரம், மென்மரம் என்று நான்கு பெட்டி செய்திருக்கிறார்கள். அதில் பூலாய், ரப்பர் இரண்டும் இலேசு வன்மரம். தொல்காப்பியப் பெட்டியில் ஓர் இடம், தாவரவியல் பெட்டியில் ஓர் இடம், வியாபாரப் பெட்டியில் ஓர் இடம். மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒவ்வொரு பெட்டியும் ஒரு கேள்விக்குப் பதில். தாவரவியல் கேட்டது, இது எப்படி விதை வைக்கிறது? வியாபாரம் கேட்டது, எவ்வளவு பாரம் தாங்கும்? தச்சர் கேட்டது, வைரம் உண்டா? கேள்வி இருக்கும்வரை பதில் நேர்மையானது. கேள்வி மறந்துபோய்ப் பதில் மட்டும் தங்கிவிடும்போதுதான் அது வசவாகிறது. 'பாரம் தாங்காது' என்பது ஒரு தகவல். 'ஒன்றுக்கும் உதவாது' என்பது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. என் அண்ணன் 12 வயதில் மலாய்த் தேர்வு ஒன்றில் தேறவில்லை. அது ஒரு கேள்விக்கான பதில். மரமண்டை என்பது எந்தக் கேள்விக்கான பதில்?

ஏழிலைப்பாலை விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒரு தகவல் உண்டு. அதன் தாவரவியல் பெயர் அல்ஸ்டோனியா ஸ்காலாரிஸ். ஸ்காலாரிஸ் என்றால் பள்ளிக்கூடத்துக்கு உரியது. பிள்ளைகள் எழுதிப் பழகும் பலகையை இந்த மரத்தில் செய்தார்கள், அதனால் அந்தப் பெயர். இலேசு, வெளுப்பு, வழவழப்பு, பிளக்காது. பிள்ளையின் கைக்கு வேறென்ன வேண்டும்? ரவீந்திரநாத் தாகூர் உருவாக்கிய விஸ்வபாரதியில் பட்டமளிப்பின்போது கொடுப்பதும் இதன் இலைக்கொத்துதான். நம் மொழியில் அறியாமையோடு பெயரைப் பங்கிட்டுக்கொண்ட வெளிற்று மரம், இன்னொரு கணக்கில் படிப்பின் மரம். பேய் குடியிருக்கும் மரம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. கேரளத்தில் யட்சி, இங்கே மலாய்க்காரர்களிடம் ஹந்து. ஒரு மரம், எத்தனை வழக்குகள்!

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பூலாய்த் துண்டைப் பட்டறைப் பிடியில் மாட்டி, ஓர் உளியைக் கொடுத்தார். "செதுக்கு."

செதுக்கினேன். சீவல் வரவில்லை. நார் நாராகப் பிய்ந்தது. நசுங்கியது.

"ரொம்ப மெத்து" என்றேன்.

அவர் உளியை வாங்கிச் சாணைக்கல்லில் தண்ணீர்விட்டுத் தீட்டினார். ரொம்ப நேரம் தீட்டினார். முழங்கை முடியில் வைத்து இழுத்துப் பார்த்தார். முடி சிரைந்தது. மறுபடி என்னிடம் கொடுத்தார். அதே இடத்தில் வைத்துத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி போனது, வழவழவென்று முகம் வந்தது.

"கெட்டி மரம் மொக்க உளியையும் கொஞ்சம் தாங்கும். மெத்து மரம் தாங்காது. அதுக்குத்தான் நல்லாத் தீட்டணும். தெரியாதவன் பிச்சிட்டு மரத்தத் திட்டுவான்."

நான் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆசிரியரை நினைத்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் என்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தீட்டாத உளி என்பது கல்வித்துறையை மட்டும் குறிக்கும் உவமை அல்ல. வகைப்படுத்துகிற கருவி எவ்வளவு கூர்மை என்று யாரும் சோதிப்பதில்லை. வகைப்படுத்தப்படுகிற பொருளைத்தான் சோதிக்கிறோம். ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆரை 2021இல் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் படிவத் தேர்வான பிடி3ஐ 2022இல் எடுத்துவிட்டார்கள். அந்தத் தேர்வுகளை வைத்து எடைபோட்டுத் தள்ளப்பட்ட பிள்ளைகள் இன்றைக்கு வளர்ந்துவிட்டார்கள். தராசைத் தூக்கிப் போட்டாயிற்று. அது சொன்ன எடையை மட்டும் அவர்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

இன்னொன்றும் அண்ணன் சொன்னார். பூலாயை வெட்டினால் கிடப்பில் போடக் கூடாது. சீக்கிரம் அறுத்து, காற்றோட்டமாக அடுக்கிக் காயவைக்க வேண்டும். விட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். ரப்பர் மரமும் அப்படித்தான், அதில் மாவுச்சத்து அதிகம், பூச்சி தேடி வரும். நீலம் பாய்ந்த பலகையைப் பார்க்கிறவர் மரம் மட்டம் என்பார். அது மரத்தின் குணம் இல்லை. கிடந்த நாட்களின் கணக்கு.

ரப்பர் மரத்தின் கதை எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கிளம்பி, லண்டன் கியூ தோட்டம் வழியாக, அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்குக் கன்றாக வந்த மரம். அதன் பின்னால்தான் எங்கள் பாட்டன்மார்கள் கப்பலேறினார்கள். ஏறக்குறைய 25, 30 வருஷம் பால் தரும். பால் வற்றினால் வெட்டுவார்கள். வெட்டிய மரத்தை என்ன செய்தார்கள்? அடுப்பெரித்தார்கள். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு காயவைக்க எரித்தார்கள். தோட்டத்திலேயே போட்டுக் கொளுத்தினார்கள். பூச்சி அரிக்கும் மரம், எதற்கும் உதவாது என்பதுதான் பேச்சு. பிறகு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் காயவைக்கும் முறை கைவந்தது. கெப்போங் வன ஆய்வு நிலையத்தின் உழைப்பும் அதில் உண்டு. 1980களில் அதே மரம் மேசை நாற்காலியாகக் கப்பலேறியது. 'மலேசிய ஓக்' என்று பெயரும் வைத்தார்கள். மரம் மாறவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி மாறியது.

இங்கேதான் என் வாதத்தில் எனக்கே ஒரு சந்தேகம். 'எல்லா மரத்துக்கும் ஏதோ ஒரு பயன் உண்டு, சரியான கேள்வி கேட்டால் போதும்' என்று முடித்துவிடலாமா? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓர் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. பயன் கண்டுபிடிக்கப்படாத நூறு வருஷம் அந்த மரம் மதிப்பில்லாமலா இருந்தது? பால் வற்றிய மரத்துக்குப் புதிய பயன் வந்தது. அந்த மரத்தில் பால் வெட்டிய கைக்கு வந்ததா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயத்தைக் காலி செய்தவர்களிடம் யாரும் புதிய கேள்வி கேட்கவில்லை. மனிதரின் மதிப்பைப் பயனில் கட்டிவைத்தால், பயன் தீர்ந்த அன்றைக்கு மதிப்பும் தீரும். அதை 'திறமைக்கேற்ற இடம்' என்று இனிப்பாகச் சொன்னாலும் கணக்கு அதேதான்.

சீனத்து சுவாங்சு இதை வேறு வழியில் தொட்டார். அவர் சொல்லும் கதையில் ஒரு தச்சர், கோயிலடியில் நிற்கும் பிரம்மாண்டமான மரத்தைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். படகு செய்தால் முழுகும், பெட்டி செய்தால் மக்கும், உதவாத மரம் என்கிறார். இரவு மரம் கனவில் வந்து, உதவாததால்தான் இவ்வளவு காலம் வெட்டுப்படாமல் நிற்கிறேன் என்கிறது. அருமையான கதை. ஆனால் எனக்கு அது முழுத் தீர்வாகப் படவில்லை. 'பயனின்மையும் எனக்கு ஒரு பயன்' என்றுதான் அந்த மரமும் கணக்குப் போடுகிறது. கான்ட் 1784இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மனிதரைக் கோணல் மரத்துக்கு ஒப்பிட்டார். அடுத்த வருஷமே வந்த அறவியல் நூலில், மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று வாதிட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மரத்தை மனிதருக்கு உவமையாகச் சொல்லலாம், ஓர் எல்லைவரைதான் என்று தோன்றுகிறது. அந்த எல்லை எது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணன் கேரி தீவுக்குப் போகலாம் என்றார். பையனையும் ஏற்றிக்கொண்டோம். பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் பெயரால் இந்தத் தீவு அழைக்கப்படலாயிற்று. கடல் ஏறும்போது முழுகும் சதுப்பு. சுற்றிலும் மண் பண்டு கட்டித்தான் தோட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் மா மெரி மக்கள். சுங்கை பும்புன் கம்பத்தில் அவர்களுடைய பண்பாட்டுக் கிராமம் இருக்கிறது. மரச்சிற்பத்துக்கும் முகமூடிக்கும் பேர்போனவர்கள்.

ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இரண்டு வகை மரம். ஒன்று சிவப்பு, கெட்டி. அது ஞிரே பத்து, சதுப்புக்காட்டு மரம். மூதாதையரின் சிற்பங்களை அதில்தான் செதுக்குகிறார்கள். நல்ல ஞிரே கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது. இன்னொன்று வெளுப்பு. நான் நகத்தை வைத்து அமுக்கும் முன்பே பையன் "பூலாய்" என்றான்.

முகமூடிக்குப் பூலாய் ஏன் என்று அண்ணன் மலாயில் கேட்டார். பெரியவர் பாதி முடிந்த முகமூடியை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக் காட்டினார். "ரிங்கான்" என்றார், இலேசு. போட்டுக்கொண்டு ஆடவேண்டும் அல்லவா. ஜோஓ ஆட்டத்தில் மூதாதையர் முகத்தைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவர் மனிதர். அவருக்குக் கழுத்து இருக்கிறது, மூச்சு வாங்க வேண்டும்.

நின்று பார்க்கும் மூதாதைக்கு வைரம் வேண்டும். இறங்கி ஆடும் மூதாதைக்கு வெளிறு வேண்டும். இரண்டு மரத்தையும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். எது உயர்ந்தது என்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டால் நான்தான் அசடாகியிருப்பேன்.

திரும்பும் வழியில் அண்ணன்தான் பேச்சை எடுத்தார். "நீ நெனைக்கிற மாதிரி நான் அவன மட்டம்னு சொல்லல பாப்பா. என்னைய எல்லாரும் உத்தரத்துல போட்டுப் பாத்தாங்க. ஒடிஞ்சேன். அவனுக்கு அது வேணாம்னு பாக்கறேன்."

அதில் நியாயம் இருந்தது. நான் எழுதிவைத்துக்கொண்டு வந்த வாதங்களில் பாதி அப்போதே போய்விட்டது. தொழிற்கல்லூரி என்றால் தாழ்வு என்று நினைத்தது நான்தான், அவர் அல்ல. கையால் செய்யும் வேலையை அடிப்பெட்டியில் வைத்தது என் படிப்பு. ஆனாலும் ஏதோ உறுத்தியது. அவர் தன் காயத்தை வைத்து மகனுக்கு இடம் பார்க்கிறார். நான் என் குற்ற உணர்ச்சியை வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரு துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இது இதற்கு ஆகும், அதற்கு ஆகும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பையன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த எல்லை புரிந்தது. மரத்திடம் கேட்க முடியாது. அதனால் நகத்தை வைத்து அமுக்குகிறோம், மோந்து பார்க்கிறோம், குறுக்கே அறுத்துப் பார்க்கிறோம், எடை போடுகிறோம். தச்சருடைய அறிவு முழுவதும், பேசாத ஒன்றைப் பற்றிய அறிவு. அது பெரிய அறிவு. கூர்மையும் பொறுமையும் வேண்டும் அதற்கு. ஆனால் பேசக்கூடிய ஒன்றின்மேல் அதே அறிவை மட்டும் பயன்படுத்தினால், எவ்வளவு அன்போடு செய்தாலும், எவ்வளவு சரியாகச் செய்தாலும், அவனை மரமாக்கிவிடுகிறோம். மரமண்டை என்ற வசவில் இருக்கும் அநியாயம், அது ஒருவனை மக்கு என்று சொல்வதில் மட்டும் இல்லை. அவனிடம் கேட்கத் தேவையில்லை என்று சொல்வதில் இருக்கிறது. அந்த வகையில், வசவே சொல்லாமல், அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

"நீ என்னடா சொல்ற?" என்று பின்னால் திரும்பிக் கேட்டேன். அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

பையன் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு லோரியும் இரண்டு மோட்டார் சைக்கிளும் கடந்து போகும் நேரம் சும்மா இருந்தான்.

"தெரியல அத்த. யோசிச்சுச் சொல்றேன். மனு எப்ப முடியுது?"

தேதியைச் சொன்னேன். இன்னும் நாள் இருக்கிறது. தெரியவில்லை என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு, எந்தப் பெட்டியிலும் இல்லாமல் கொஞ்ச நாள் இருக்கவும் உரிமை உண்டு. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பாலத்தில் வண்டியை ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் அண்ணன் கேட்டார், "காலையில ஏதோ சொன்னியே, வெளிறுன்னு. என்னா அது?"

மூன்று பொருளையும் சொன்னேன். மூன்றாவதையும் மறைக்கவில்லை. சின்ன வயதில் நான் அவரை எப்படிக் கூப்பிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். 30 வருஷம் தாமதம். அவர் "அட, அத இன்னமுமா வெச்சிருக்க" என்றார். பிறகு பூலாய்த் துண்டை எடுத்துக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பழகச் சொன்னார். உளியை மட்டும் தரவில்லை. நான் தீட்டக் கற்றுக்கொண்ட பிறகு தருவாராம்.